நீலி வழக்கும் உறைவிட உரிமையும்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குடும்ப வன்முறைக்கு ஆளாகி வீட்டை விட்டு வெளியேறும் பெண்களுக்குத் தமிழகத்தில் எத்தகைய உறைவிடங்கள் இருந்துவந்துள்ளன என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. கைம்பெண், ஆதரவற்றவர், மீட்கப்பட்டவர், தொழிலாளி ஆகிய பெயர்களுள் ஒன்றை ஏற்ற பின்னரே அவர்களுக்குக் கூரை கிட்டிவந்தது. வன்முறைக்கு ஆளானவர் என்ற நிலையிலேயே இருக்கும் வீட்டில் தங்கக் கோரும் உரிமை 2005ஆம் ஆண்டில்தான் தெளிவான சட்டவடிவம் பெற்றது. வாடகை வரிசை வீடுகள் மிகுந்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் அவ்வுரிமை எவ்வாறு பொருள்படுகிறது என்பது கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நீலி, பிறந்தகம், சேவை இல்லம், பகிர்ந்து வாழும் இல்லம், வரிசை வீடு, கும்மிடிப்பூண்டி

1. பழையனூர் மன்றம்

பொய்யழுகையைக் குறிக்க ‘நீலிக் கண்ணீர்’ என்னும் தொடரை இன்றும் வழங்குகிறோம். இத்தொடர் பிறந்த நிலம் இன்றைய திருவள்ளூர் மாவட்டம். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நீலி கதை பல வடிவங்களில் வழங்குகிறது. அவற்றுக்குப் பொதுவான செய்தி இது: கணவன் ஒருவன் தன் மனைவியைக் கொல்கிறான். கொல்லப்பட்டவள் பேயாகிறாள். பின்னர் வணிகனாகப் பழையனூர் வழியே வரும் அவனை, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி ஏந்தியவளாய்ப் பின்தொடர்கிறாள். ஊர்மன்றத்தில் கூடியிருந்த வேளாளர் எழுபதின்மரிடம், இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று முறையிடுகிறாள். வணிகனோ இவள் பேய் என்று அஞ்சி நடுங்குகிறான். மன்றத்தார் அவள் கண்ணீரை நம்பி இருவரையும் ஓரிரவு ஒரே வீட்டில் தங்கவைக்கின்றனர். அவன் உயிருக்குத் தாங்களே பிணை என்று வாக்களிக்கின்றனர். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர்.

சைவ மரபு இக்கதையை வேளாளரின் வாய்மைக்குச் சான்றாகப் போற்றியது. சமண மரபு அதே நீலியை நீலகேசி என்னும் வாதியாக மாற்றி ஒரு தருக்கக் காப்பியம் படைத்தது. இவ்விரு வாசிப்புகளும் ஆய்வாளர்களால் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. இக்கட்டுரைக்கு வேண்டுவன வேறு இரண்டு செய்திகள். ஒன்று, கதையின் முதல் நிகழ்ச்சி கணவன் மனைவியைக் கொன்றது. ஆயினும் மொழி நினைவில் வைத்துக்கொண்டது அக்கொலையை அன்று, அவள் அழுததையே. இரண்டு, மன்றம் கண்ட தீர்வு. ஒருவர் மற்றவரைக் கண்டு உயிருக்கு அஞ்சுகிறார் என்று தெரிந்த பின்னும், இருவரையும் ஒரே கூரையின்கீழ் விட்டுக் கதவைச் சாத்துவதே நியாயம் என்று அது கருதியது. கதையில் அஞ்சியவன் ஆண் என்பது கதைக்குரிய தலைகீழாக்கம். நடப்புலகில் ஊர்ப் பஞ்சாயத்து முதல் காவல் நிலைய ஆலோசனை வரை, ‘சேர்த்துவைத்தல்’ என்னும் தீர்ப்பைப் பெற்றவர்கள் பெரும்பாலும் பெண்களே.

காரைக்கால் அம்மையார் வரலாறும் திருவாலங்காட்டிலேயே முடிவது கருதத்தக்கது. கணவன் அஞ்சி விலகிய பின் அவர் பேயுருவை வேண்டிப் பெற்றார். பக்தி மரபு அதை அருட்பேறாகக் காண்கிறது. அதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் மணவீட்டுக்கு வெளியே நின்ற இருவேறு பெண்களை மரபு ஒரே வட்டாரத்துக்கு, ஒரே உருவில் கொண்டுவந்து சேர்த்தது தற்செயல் என்று தள்ளிவிட இயலவில்லை.

2. மனையும் மனைவியும்

இல்லாள், மனையாள், மனைவி, இல்லக்கிழத்தி என்று மனைவியைச் சுட்டும் தமிழ்ச் சொற்கள் பலவும் வீட்டைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தவை. வீட்டுக்கும் அவளுக்கும் இவ்வளவு நெருக்கம் கற்பித்த மொழி, அவள் வாழும் இடத்தைப் புக்ககம் என்றும், விட்டுவந்த இடத்தைப் பிறந்தகம் என்றும் பிரித்தது. திருமணமாதலை ‘வாழ்க்கைப்படுதல்’ என்றது. புக்ககத்தில் இராது திரும்பியவளை ‘வாழாவெட்டி’ என்று இகழ்ந்தது. அடி தாங்காமல் வந்தவளுக்கும் துரத்தப்பட்டவளுக்கும் இச்சொல்லில் வேறுபாடில்லை.

பிறந்தகமே நெடுங்காலமாக முதல் புகலிடம். ஆனால் அது விருந்தினர் உரிமை போன்றது; காலம் நீள நீளத் தேயும். உடன்பிறந்தாருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அதன்மூலம் தாய்வீட்டு வாசலைத் திறந்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு. சீரும் வரிசையும் தடைப்படாமல் வரவேண்டி, தங்க இடம் தரக்கூடிய பங்கையே விட்டுக்கொடுக்கும் இம்முரண் தனி ஆய்வுக்குரியது.

3. பெயர் சூட்டிய இல்லங்கள்

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கென எழுந்த நவீன இல்லங்களின் வரலாறு சகோதரி சுப்புலட்சுமியுடன் (1886–1969) தொடங்குகிறது எனலாம். இளமையிலேயே கணவனை இழந்து, 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், பிராமணக் கைம்பெண் சிறுமியரைக் கூட்டி ஓர் இல்லம் தொடங்கினார். அது பின்னர்த் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. பனிக்கட்டிக் கிடங்காக இருந்த ஒரு கட்டடம் மொட்டையடிக்கப்பட்ட சிறுமியரின் பள்ளி விடுதியானது தமிழகப் பெண்கல்வி வரலாற்றில் மறக்கவியலாத காட்சி. அங்கு நுழையக் கணவன் இறந்திருக்க வேண்டும். சாதியும் பொருந்த வேண்டும்.

முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) 1930இல் தொடங்கிய அவ்வை இல்லம் இவ்வரையறையை உடைத்தது. தேவதாசி மரபிலிருந்து விலகிவந்த சிறுமியருக்கு, சாதிவாரியாக நடந்த விடுதிகள் இடம் தர மறுத்த நிலையில், தம் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார் என்பது அவ்வில்லத்தின் தோற்றக் கதை. அதற்குச் சற்று முன் 1928இல் சென்னை சேவாசதனம் ஆண்டாள் அம்மையார், வேங்கடசுப்பாராவ் ஆகியோரால் நிறுவப்பட்டிருந்தது. சென்னை மாகாணத்தின் ஒழுக்கக்கேடான வாணிபத் தடைச் சட்டமும் 1930ஆம் ஆண்டினதே. அதன்வழி ‘மீட்பு இல்லம்’ என்னும் மற்றொரு வகை உருவாயிற்று. கைம்பெண் இல்லத்துக்குத் துயரம் தகுதி என்றால், மீட்பு இல்லத்துக்கு ஒழுக்கம் பற்றிய ஐயம் தகுதி. கணவன் உயிரோடிருக்க, ஒழுக்கத்திலும் குறை சொல்ல இயலாத, ஆனால் நாள்தோறும் அடிபடும் பெண்ணுக்கு இவ்விரு வாசல்களும் பொருந்தவில்லை.

விடுதலைக்குப் பின் மாநிலச் சமூகநலத் துறை நடத்திய அரசு சேவை இல்லங்கள் இந்நிலையை ஓரளவு மாற்றின. தாம்பரம் சேவை இல்லம் பரவலாக அறியப்பட்டது. கைம்பெண்கள், ஆதரவற்றோர் ஆகியோருடன் ‘கணவனால் கைவிடப்பட்டோர்’ என்னும் பிரிவும் அங்கு ஏற்கப்பட்டது. பள்ளிக் கல்வியைப் பாதியில் விட்ட பெண்கள் அங்குத் தங்கிப் படிப்பை முடித்து ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் வெளிவந்தனர். இது சிறிய சாதனையன்று. எனினும் ‘கைவிடப்பட்டவர்’ என்னும் சொல்லின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். அது செயப்பாட்டு வினை, விட்டவன் கணவன். தானே விட்டுவந்த பெண்ணுக்கு அப்பட்டியலில் பெயரில்லை.

நடுவணரசு 1969இல் தொடங்கிய குறுகிய காலத் தங்கும் இல்லத் திட்டம் சமூக, ஒழுக்க ஆபத்துக்கு உள்ளான பெண்கள் என்ற மொழியிலேயே பேசியது. 2001–02இல் வந்த ஸ்வாதார் திட்டமும் அதுவும் பின்னர் இணைக்கப்பட்டு ஸ்வாதார் கிரே ஆயின. 2022 முதல் சக்தி சதன் என்ற பெயரில் தொடர்கின்றன. ஸ்வாதார் கிரே நெறிமுறையில் இருந்த ஒரு விதி வியப்பூட்டுவது. குடும்ப வன்முறைக்கு ஆளானவர் ஓராண்டு வரை தங்கலாம் என்றிருந்தது. பிற வகையினர் மூன்றாண்டு வரை தங்க முடிந்தது. அடிபட்டவர் விரைவில் திரும்பிவிடுவார் என்னும் எதிர்பார்ப்பே இவ்வேறுபாட்டின் அடியில் இருப்பதாகக் கருத இடமுண்டு. உடன்வரும் பெண்குழந்தைகள் பதினெட்டு வயது வரையிலும், ஆண்குழந்தைகள் எட்டு வயது வரையிலும் மட்டுமே தாயுடன் தங்கலாம் என்பது அந்நெறிமுறையின் இன்னொரு விதியாக இருந்தது. ஒன்பது வயது மகனை வேறொரு காப்பகத்தில் விட்டுவிட்டுத் தான் மட்டும் பாதுகாப்பாக இருக்க எத்தனை தாய்மார் உடன்படுவர்?

4. சட்டத்தில் வீடு

காலனிய நீதிமன்றங்கள் மனைவியைக் கணவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை ஆங்கிலச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டன. பம்பாயில் 1884இல் தொடங்கிய ருக்மாபாய் வழக்கு அதற்குப் பெயர்பெற்ற சான்று. கணவனுடன் வாழச் செல், இல்லையேல் ஆறு மாதச் சிறை என்னும் ஆணைக்கு அவர் சிறையே மேல் என்றார். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 9ஆம் பிரிவாக இவ்வதிகாரத்தைத் தக்கவைத்தது. ஆந்திர உயர்நீதிமன்றம் 1983இல் அப்பிரிவைச் செல்லாதென்றது. உச்சநீதிமன்றம் மறு ஆண்டே அதை நிலைநிறுத்தியது.

எதிர்த்திசையில் முதல் அடி 1946ஆம் ஆண்டின் சட்டம். கொடுமை முதலிய காரணங்களால் இந்து மனைவி தனித்து வாழவும் வாழ்க்கைப் பொருளுதவி பெறவும் அது உரிமை அளித்தது. தனித்து எங்கே வாழ்வது என்பதற்கு அதில் விடையில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு தந்தபோதும், 23ஆம் பிரிவு குடும்ப வீட்டைத் தனியே பிரித்துவைத்தது. ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு வீட்டைப் பிரிக்கக் கோர முடியாது. மகள் அதில் குடியிருக்க வேண்டுமாயின், மணமாகாதவராகவோ, கணவனால் கைவிடப்பட்டவராகவோ, பிரிந்தவராகவோ, கைம்பெண்ணாகவோ இருத்தல் வேண்டும். சேவை இல்லத்தின் வாசலில் இருந்த அதே பட்டியல் தந்தை வீட்டு வாசலிலும் எழுதப்பட்டிருந்தது. தமிழ்நாடு 1989இல் மகளைப் பங்குரிமையாளராக்கி முன்னோடி மாநிலங்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் 23ஆம் பிரிவு நீடித்தது.

அப்பிரிவு 2005 செப்டம்பர் 9ஆம் நாள் நீங்கியது. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 13ஆம் நாள், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. பிறந்தகத்து வீட்டிலும் புக்ககத்து வீட்டிலும் பெண்ணின் இருப்பு ஒரே வாரத்தில் சட்டப்படி மாறியது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் நம்மிடை அரிதாக உள்ளது. இலங்கையும் அதே ஆண்டில் தன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியச் சட்டத்தின் புதுமை 17, 19ஆம் பிரிவுகளில் உள்ளது. பகிர்ந்து வாழும் இல்லத்தில் பெண்ணுக்கு உடைமையோ பங்கோ இல்லையெனினும் குடியிருக்க உரிமை உண்டு. நடுவர் கணவனை அவ்வில்லத்திலிருந்து வெளியேற ஆணையிடலாம். அதே தரத்தில் மாற்றுக் குடியிருப்பு தரவோ அதற்கு வாடகை செலுத்தவோ பணிக்கலாம். ‘எந்த இல்லத்துக்குப் போவாள்’ என்னும் நூற்றாண்டுக் கேள்வியை இது ‘யார் வெளியேற வேண்டும்’ என்று திருப்பிப் போட்டது.

திருப்பிய கேள்வி நெடுநாள் நிற்கவில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த ஐம்பதாம் நாள், 2006 டிசம்பர் 15 அன்று, பத்ரா வழக்கில் உச்சநீதிமன்றம், மாமியாருக்குச் சொந்தமான வீடு பகிர்ந்து வாழும் இல்லமாகாது என்றது. சொத்து பெற்றோர் பெயரில் இருப்பதே வழக்கமான ஒரு சமூகத்தில் இத்தீர்ப்பு சட்டத்தின் பயனைப் பெரிதும் சுருக்கியது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2020 அக்டோபர் 15 அன்று அகுஜா வழக்கில்தான் அது விலக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா 2022 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பு மேலும் ஒருபடி சென்றது. வீட்டில் அமைதி நிலவக் கணவனை வெளியேற்றுவதே வழி என்றால், அவனுக்கு வேறு இடம் உண்டா இல்லையா என்று பாராமல் அவ்வாறு ஆணையிட வேண்டும் என்றார் அவர். பழையனூர் மன்றத்தின் தீர்ப்புக்கு நேர்மாறான தீர்ப்பு இது.

5. வரிசை வீடுகளின் ஊர்

மேற்கண்ட வழக்குகள் பலவும் சொந்த வீட்டைப் பற்றியவை. கும்மிடிப்பூண்டியின் சிக்கல் வேறு. 1997இல் செங்கற்பட்டிலிருந்து பிரிந்து உருவான திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டி, சென்னைப் புறநகர் ரயில் தடத்திலும் கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் அமைந்தது இவ்வூர். சிப்காட் வளாகத்தின் எஃகு உருக்காலைகளும், அண்மைக் காலத் தேர்வாய்க் கண்டிகைத் தொழிற்பூங்காவும் வெளியூரினரையும் வெளிமாநிலத்தவரையும் ஈர்த்துள்ளன. அவர்களில் பலருக்கு வீடு என்பது ஒற்றை அறையும் பொதுக் குழாயும் கொண்ட ‘லைன் வீடு’. வாடகை வாய்மொழியால் பேசப்படும். முன்பணம் கணவன் கொடுத்ததாக இருக்கும். எழுத்துவழி ஒப்பந்தத்தை வலியுறுத்தும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இவ்வரிசைகளுக்குள் அதிகம் நுழையவில்லை.

இத்தகைய வீட்டைச் சட்டம் பகிர்ந்து வாழும் இல்லமாக ஏற்கிறதா? ஐயமின்றி ஏற்கிறது. சொந்தமோ வாடகையோ, யார் பெயரில் இருந்தாலும், இருவரும் வாழ்ந்த இடம் என்பதே வரையறை. ஆனால் கணவனை வெளியேற்றும் ஆணை கிடைத்த மறுமாதம் வாடகையை யார் தருவது? 19ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவு அதற்கெனவே உள்ளது: வாடகையையும் பிற கட்டணங்களையும் செலுத்தும் பொறுப்பை எதிர்மனுதாரர்மீது சுமத்தலாம். சொந்த வீட்டு வழக்குகளில் பெரிதாகப் பேசப்படாத இவ்வுட்பிரிவே தொழிற்பேட்டைப் பெண்ணுக்கு இச்சட்டத்தின் முதன்மையான பகுதி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வீட்டு உரிமையாளர் ‘வீட்டுக்காரர் எங்கே?’ என்று கேட்டுக் காலி செய்யச் சொன்னால், மாற்று வீட்டுக்கு வாடகை பெறும் வழியும் அதே பிரிவில் உண்டு.

தொழிலாளர் விடுதிகள் இன்னொரு வழியாகத் தோன்றலாம். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் எழுப்பி 2024 ஆகஸ்டில் திறந்த குடியிருப்பு 18,720 பெண் தொழிலாளர்களைக் கொள்ளும். அரசின் தோழி விடுதிகளும் பல நகரங்களில் வந்துள்ளன. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் ஆலை விடுதியில் படுக்கை வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் கூரையும் போகும். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு மின்னணு ஆலை விடுதியில் உணவு நஞ்சாகி, பெண் தொழிலாளர்கள் நள்ளிரவில் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. திருமணமான பெண்களை அவ்வகை ஆலையொன்று வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் செய்தி வெளிவந்தபோது நிறுவனம் மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தாலியும் கைக்குழந்தையுமாக வெளியேறுபவரை மனத்தில் கொண்டு அவ்வறைகள் கட்டப்படவில்லை. ஒப்பந்தக்காரர் வழி வந்த ஒடிசா, பிகார்ப் பெண்களுக்கும் நிலை அதுவே. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தக்காரரைத் தங்குமிடம் தரச் சொன்னது. அத்தங்குமிடமும் ஒப்பந்தத்தோடு முடிவது.

கும்மிடிப்பூண்டியில் 1990 முதல் இயங்கும் இலங்கைத் தமிழர் முகாமையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மாத உதவித்தொகை ‘குடும்பத் தலைவர்’ என்று ஒருவரையும் ஏனையோரை வேறாகவும் கணக்கிடுகிறது; 2021இல் தொகை உயர்ந்தபோதும் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000 என்றே அமைந்தது. முகாமுக்கு வெளியேயும் குடும்ப அட்டையே முகவரி, உதவி, அடையாளம் ஆகிய அனைத்துக்கும் அடி. பிரிந்து வரும் பெண் முதலில் அவ்வட்டையிலிருந்து தம் பெயரைப் பிரிக்க வேண்டும்; பிரிக்க முகவரி வேண்டும்; முகவரிக்கு வீடு வேண்டும்.

பிரித்தானியா 1977ஆம் ஆண்டு வீடற்றோர் சட்டத்தில் இச்சுழலை ஒரு வரையறையால் அறுத்தது. உடன்வாழ்பவரின் வன்முைறக்கு அஞ்சி ஒருவர் தம் வீட்டில் இருக்க இயலாதெனில், வீடிருந்தும் அவர் வீடற்றவராகவே கொள்ளப்படுவார். உள்ளாட்சி அவருக்குப் பொறுப்பேற்க வேண்டும். இந்தியச் சட்டம் பொறுப்பைக் கணவன்மீது சுமத்தியதோடு நின்றது. அரசின் பங்கு, 6ஆம் பிரிவின்படி கேட்பவருக்குக் காப்பகம் இடமளிக்க வேண்டும் என்பதோடு முடிகிறது.

இடைப்பட்ட நாள்களே நடைமுறையில் கடினமானவை. 2015 முதல் இயங்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்கும் காலம் ஐந்து நாள். நடுவர் மனுவை முடிக்க முயலவேண்டிய காலம் முதல் விசாரணையிலிருந்து அறுபது நாள். ஆறாம் நாள் முதல் அறுபதாம் நாள் வரை காப்பகம், தாய்வீடு, அல்லது விட்டுவந்த அதே அறை என்னும் மூன்றே வழிகள் எஞ்சுகின்றன. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைக் காணக் கும்மிடிப்பூண்டிப் பெண் திருவள்ளூர் செல்லவேண்டும். இரண்டும் புறநகர் ரயில் நிலையங்கள்தாம். ஆயினும் வெவ்வேறு தடங்களில் உள்ளவை. ரயிலில் செல்வோர் சென்னைக்குள் வந்து வண்டி மாறி மீண்டும் மேற்கே போகவேண்டும். ஒரு நாள் கூலி அதில் கழியும்.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான 18–49 வயதுப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். இவர்கள் அனைவருக்கும் காப்பகப் படுக்கை கட்டுதல் இயலாது, தேவையுமன்று. மனுவைப் பெற்ற அன்றே 23ஆம் பிரிவின்கீழ் ஒருதரப்பு இடைக்கால ஆணை வழங்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. அவ்வாணையில் வாடகையையும் சேர்க்கக் கோரும் மனுவில், எழுத்து ஒப்பந்தம் இல்லாதவிடத்து, மின்கட்டணச் சீட்டு, எரிவாயு இணைப்பு, பிள்ளையின் பள்ளிப் பதிவிலுள்ள முகவரி, அடுத்த அறையினரின் வாக்குமூலம் ஆகியன சான்றாக வைக்கப்படலாம். வரிசை வீட்டில் பக்கத்து அறைக்காரர் அறியாத ஓசை எதுவுமில்லை.